ஃப்ரீசரும் மதுரை வெயிலும்

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், ஜிப் கவருக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுக்கொண்டு வந்து, கேன்டீன் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். ஓடிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்ததாம், அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் தெரியவே இல்லையாம். "என்ன சத்தம் வருது?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. டிஸ்க் ஓடவில்லை, ஓடாத டிஸ்க்குக்கு ஃப்ரீசர், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2014-ல் எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அதனால் நஷ்டப்பட்டது நான்கூட இல்லை, என் நண்பன்.

அவன் அப்போது முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பனையேறிகளைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தான். உடன்குடி, சாயல்குடி என்று வெயிலில் அலைந்து, விடிவதற்கு முன்னால் மரத்தடியில் போய் நின்று, அவர்கள் இறங்கி வந்து ஒரு பீடியைப் பற்றவைத்த பிறகு மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பதிவு செய்தவை. அறுபது மணி நேரத்துக்குமேல் இருக்கும். எல்லாம் ஒரு 500 ஜிபி வெளி டிஸ்க்கில், இன்னொரு பிரதி கிடையாது. லேப்டாப்போடு இணைத்து ஓடிக்கொண்டிருந்தபோது ஒயர் காலில் சிக்கி மேஜையிலிருந்து விழுந்தது. மறுபடி செருகியபோது டக், டக், டக் என்று சீரான இடைவெளியில் ஒரு சத்தம். உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே என்று என்னிடம் கொண்டுவந்தான். எனக்குத் தெரியும் என்று நானும் நம்பினேன்.

இணையத்தில் எங்கு தேடினாலும் ஃப்ரீசர் வைத்தியம்தான் முதலில் வந்தது. பிழைத்துக்கொண்டது என்று சத்தியம் செய்தவர்கள் நிறையப் பேர். இரண்டு ஜிப் கவர், உள்ளே ஷூ டப்பாவிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஒரு ராத்திரி முழுக்க ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில். காலையில் எடுத்துச் செருகினோம். டக் சத்தம் இல்லை. அரை நிமிடம் போல ஃபோல்டர் பெயர்கள் திரையில் வந்தன, ஊர் ஊராக, தேதி போட்டு. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். அப்புறம் தகரத்தில் ஆணியால் கீறுவது போல ஒரு சத்தம் வந்தது. பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சென்னையில் டேட்டா ரெக்கவரி செய்யும் ஓர் இடத்துக்கு அனுப்பினோம். ஒரு வாரம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. தூசி புகாத அறையில் திறந்து பார்த்ததில், உள்ளே சுழல்கிற, தரவு எழுதப்படுகிற தட்டின்மேல் வட்டமாகக் கீறல் விழுந்திருக்கிறது, காந்தப் பூச்சு உரிந்து அடியிலிருக்கும் கண்ணாடி தெரிகிறது என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஃப்ரிட்ஜ்ல வச்சீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. "நேரா கொண்டாந்திருந்தா ஹெட்டை மாத்திப் பார்த்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். தட்டில் இருப்பதைப் படிக்கிற, எழுதுகிற நுண்ணிய முனைதான் ஹெட். நண்பன் என்னிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. விடுடா, மறுபடி போய்ப் பேசிக்கலாம் என்றான். மறுபடி போனான். ஆனால் பதிவு செய்யப்பட்டவர்களில் இரண்டு பெரியவர்கள் அதற்குள் இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பாளை இடுக்குவது எப்படி என்று ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாராம். அந்த ஒரு மணி நேரம் இனி எங்கும் கிடையாது.

அந்த டிஸ்க்கில் என்ன நடந்தது என்பதைப் பிறகு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. ஹெட் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், காற்றில் மிதந்து போகிறது. விழுந்ததில் ஹெட் அடிபட்டுவிட்டால், தட்டில் எழுதியிருக்கும் வழிகாட்டிக் குறிகளை அதனால் படிக்க முடியாது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஓரத்துக்குப் போய் முட்டித் திரும்புகிறது, மறுபடி தேடுகிறது, மறுபடி முட்டுகிறது. அதுதான் அந்த டக், டக். ஹெட்டை மாற்றுவது தவிர அதற்கு வேறு வழியே இல்லை. குளிரவைத்தால் அடிபட்ட ஹெட் குணமாகாது. நாங்கள் செய்தது என்னவென்றால், குளிர்ந்த உலோகத்தைச் சென்னையின் ஈரக்காற்றில் வெளியே எடுத்தோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வியர்ப்பது போல டிஸ்க்கும் வியர்க்கும், வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும். சாதாரண டிஸ்க்குகள் காற்றுப் புகாதபடி அடைக்கப்பட்டவை அல்ல. அழுத்தம் சமமாக இருப்பதற்காக ஒரு சின்ன மூச்சுத் துளையும் அதில் ஒரு வடிகட்டியும் இருக்கும். தூசியைத் தடுக்கிற வடிகட்டி ஈரப்பதத்தை முழுக்கத் தடுத்துவிடாது. நானோமீட்டர் உயரத்தில் பறக்கிற ஹெட்டுக்கு ஒரு பனித்துளி என்பது மலை. ஏற்கெனவே அடிபட்ட ஹெட்டை அந்த மலைமேல் ஓட்டியது நான்.

அதற்குப் பிறகு நான் ஒரு வகையில் பிரசாரகனாகவே மாறிவிட்டேன். யாராவது டிஸ்க்கைத் தட்டிப் பார், குலுக்கிப் பார், குளிரவை, சூடு காட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எல்லாம் மூடநம்பிக்கை, ஒன்றுக்கும் அடிப்படை கிடையாது, தொடாமல் லேபுக்கு அனுப்பு என்பேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நனைந்த டிஸ்க்குகளை வெயிலில் காயவைத்து, அரிசி டப்பாவில் போட்டு, அப்புறம் கரண்ட் கொடுத்துப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடமும் அதையே சொன்னேன். அந்த விஷயத்தில் நான் சொன்னது சரிதான். வெள்ளத்தில் மூழ்கிய டிஸ்க்கைக் காயவே விடக் கூடாது. சேறு காய்ந்தால் தட்டின்மேல் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஈரத்தோடேயே கவரில் கட்டி, கரண்ட் கொடுக்காமல் கொண்டுபோக வேண்டும். ஆனால் எல்லா வைத்தியத்தையும் ஒரே கட்டாகக் கட்டித் தூக்கி எறிந்தது சரியா என்ற கேள்வி என்னிடம் எழவே இல்லை, 2023 சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போகிற வரை.

பரணிலிருந்து இறங்கியது

என் சித்தப்பா மதுரை மேலமாசி வீதிக்குப் பக்கத்தில் 1992-லிருந்து 2006 வரை டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக மலர், கட்சிக் கூட்ட நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கையால் தட்டச்சாகி வெளியே போனவை. கடையை மூடியபோது கடைசிக் கம்ப்யூட்டரைத் துணியால் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். அதற்குள் 1997-ல் வாங்கிய 2.1 ஜிபி டிஸ்க் இருந்தது. அதில்தான் அப்பத்தாவின் பாட்டுகள் இருந்தன. அப்பத்தா தாலாட்டும் கும்மியும் பாடப் பாட, ராத்திரி கடை வேலை முடிந்தபிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு, பிறகு பேஜ்மேக்கரில் ஏற்றி, பக்கம் பக்கமாக வடிவமைத்து ஒரு சின்னப் புத்தகமாகப் போடுவதாக இருந்தார். அச்சுக்குப் போகவில்லை. எழுதிய நோட்டு வீடு மாற்றியதில் தொலைந்துபோனது. அப்பத்தா இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. திருவிழாவுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது அத்தைகள் ஆளுக்கு இரண்டு வரி நினைவிலிருந்து பாடினார்கள். மூன்றாவது வரி யாருக்கும் வரவில்லை. சித்தப்பா எழுந்து போய்ப் பரணில் ஏணி சாத்தினார்.

அடுத்த வாரம் சென்னையில் ரிச்சி தெருவில் பழைய ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கும் ஒரு அடாப்டர் வாங்கினேன். இந்தக் காலத்துச் சின்ன டிஸ்க் மாதிரி யூஎஸ்பி கரண்டிலேயே ஓடாது, தனியாக 12 வோல்ட் வேண்டும், அதனால் பவர் சப்ளையோடு வருவதாகப் பார்த்து வாங்கிக்கொண்டு மறுபடி மதுரைக்குப் போனேன். சித்தப்பா வீட்டுக் கூடத்தில் வைத்து இணைத்தேன். ம்ம் என்று ஒரு முனகல், பிறகு ஒரு டிக், பிறகு மௌனம். கொஞ்சம் விட்டு மறுபடி ம்ம், டிக். விரலை வைத்தால் உள்ளே ஏதோ முயல்வது தெரிகிறது, ஆனால் சுழலவில்லை. நான் பிடுங்கிவிட்டேன். சித்தப்பா, இதை இங்கே வைத்து ஒன்றும் பண்ணக் கூடாது, சென்னைக்கு எடுத்துப்போய் லேபில் கொடுக்கிறேன் என்றேன். பழைய மாடலுக்கு உதிரி கிடைப்பதே சிரமம், ஆகிற செலவு அவர் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய விலையை நெருங்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

சித்தப்பா டிஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டார். "மறுபடி ஒருவாட்டி சொருகுப்பா" என்றார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். ம்ம், டிக். அவர் முகத்தில் பழைய ஆளைப் பார்த்த மாதிரி ஒரு மலர்ச்சி. "இது திங்கக்கெழமை சத்தம்" என்றார்.

திங்கள்கிழமைச் சத்தம்

அவர் கடை ஆரம்பித்தபோது இருந்தது 40 எம்பி டிஸ்க் போட்ட ஒரு 386. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விட்டால் திங்கள்கிழமை காலையில் அது எழுந்திருக்காது. ம்ம் என்று முனகி நின்றுவிடும். சர்வீஸுக்கு வந்த ஒருவர் திறந்து, டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்து வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பி மாட்டியதும் ஓடியது. பிறகு சித்தப்பாவே செய்யக் கற்றுக்கொண்டார். முகூர்த்த மாதங்களில் சனிக்கிழமை ராத்திரி கம்ப்யூட்டரை நிறுத்தாமலே வீட்டுக்குப் போய்விடுவாராம், திங்கள்கிழமை பத்திரிகை கேட்டு வருகிறவர்களை நிற்க வைக்கக் கூடாது என்று. ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. ஆனால் ஒட்டிக்கொண்ட டிஸ்க்கின் சத்தம் எது, வேறு கோளாறின் சத்தம் எது என்று அவர் காதுக்குத் தெரியும். "டக்டக்னு அடிச்சா தொடமாட்டேன். அது வேற வியாதி" என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2014-ல் எனக்குத் தெரியாமல் போனது, கூகுள் இல்லாத காலத்தில் மேலமாசி வீதியில் ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏன் ஒட்டுகிறது என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. ஏறக்குறைய ஒரு டன் எடை, அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். அதில் ஹெட்டைத் தட்டில் படாமல் வைக்க அழுத்திய காற்றைப் பீய்ச்சினார்கள். 1973-ல் அதே நிறுவனத்தின் வின்செஸ்டர் டிஸ்க் வந்தபோதுதான் கதை மாறியது. இலகுவான ஹெட், மசகு பூசிய தட்டு. டிஸ்க் நிற்கும்போது ஹெட் தட்டின்மேலேயே இறங்கி உட்கார்ந்துகொள்ளும், மறுபடி சுழன்றதும் எழும்பும். விலை குறைந்தது, அளவு சுருங்கியது, மேஜைமேல் வைக்கிற கம்ப்யூட்டருக்குள் ஹார்ட் டிஸ்க் நுழைந்ததே இந்த வழியில்தான். ஆனால் கொள்ளளவு கூடக் கூட ஹெட் இன்னும் தாழப் பறக்க வேண்டியிருந்தது, அதற்காகத் தட்டை இன்னும் இன்னும் வழவழப்பாக்கினார்கள். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துவிட்டுப் பிரிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், மேலே இழுத்தால் வராது, பக்கவாட்டில் வழுக்கித்தான் எடுக்க வேண்டும். ஹெட்டும் தட்டும் அப்படித்தான் பிடித்துக்கொண்டன. காற்றின் ஈரமும் மசகும் இடையில் சேர்ந்து, இரண்டு நாள் நின்றாலே மோட்டாரின் முதல் இழுப்புக்கு அசையாத அளவுக்கு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த டிஸ்க்குகளில் இது உலகம் முழுக்க இருந்த தலைவலி. பின்னால் ஹெட் இறங்குகிற வட்டத்தில் மட்டும் லேசரால் நுண்ணிய மேடுகள் போட்டார்கள். அதற்கும் பின்னால், நிற்கும்போது ஹெட் தட்டைவிட்டே வெளியேறி ஒரு சரிவுமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிற முறை வந்தது. இன்றைய டிஸ்க்குகள் எல்லாம் அப்படித்தான்.

திருப்புகிற வைத்தியம் பிறந்தது அந்த ஒரு வியாதிக்கு. டிஸ்க்கின் பெட்டியைச் சட்டென்று திருப்பினால் உள்ளே இருக்கும் கனமான தட்டுகள் தம் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பஸ் திடீரென்று கிளம்பும்போது நிற்கிறவர் பின்னால் சாய்வது போலத்தான். பெட்டியோடு ஹெட் நகர, தட்டு நகராமல் நிற்க, அந்த ஒரு கணத்தில் ஒட்டு விட்டுவிடும். மோட்டாருக்கு இல்லாத வலு மணிக்கட்டில் இருக்கிறது. ஃப்ரீசருக்கும் அப்படி ஒரு பூர்வீகம் உண்டு. பேரிங் இறுகிப்போன பழைய மோட்டார், சூடானதும் சாலிடர் விரிசல் விட்டு நின்றுபோகிற சர்க்யூட் போர்டு, இவற்றுக்குக் குளிர் பத்து இருபது நிமிட அவகாசம் கொடுத்திருக்கும். அந்த அவகாசத்தில் பிழைத்தவர்கள் சொன்னது உண்மைதான். வியாதியின் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் சொன்னார்கள், அல்லது கேட்டவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். சர்க்யூட் போர்டைக் கழற்றி அதே மாடலின் இன்னொரு போர்டை மாட்டுவதும் இப்படித்தான். தொண்ணூறுகளில் அது பெரும்பாலும் வேலை செய்தது. பிறகு வந்த டிஸ்க்குகளில் அந்தந்த ஹெட்டுக்கும் தட்டுக்கும் உரிய அளவுகள் போர்டிலிருக்கும் ஒரு சின்னச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் எடுத்து மாற்றி ஒட்டாவிட்டால் புதுப் போர்டு பழைய தட்டைப் படிக்காது. எங்கள் தெருவில் ஒருவர் 12 வோல்ட் டிஸ்க்குக்கு லேப்டாப் சார்ஜரைச் செருகிவிட்டார், 19 வோல்ட். அவருக்குப் போனது மிகை மின்னழுத்தத்தைத் தாங்கித் தன்னைக் கொடுத்துக்கொள்கிற ஒரு டயோடு மட்டும். மொபைல் ரிப்பேர் கடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து அதை எடுத்துவிட்டார்கள், டிஸ்க் ஓடியது, அன்றைக்கே எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டார். அவரிடம் யாராவது ஃப்ரீசர் என்று சொல்லியிருந்தால் அதுவும் வீணாகியிருக்கும்.

இதையெல்லாம் நான் பிறகுதான் கோத்துப் பார்த்தேன். அன்றைக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது என் வயிறு கலங்கிக்கொண்டிருந்தது. பதினேழு வருஷம் பரணில் ஒட்டிக்கிடந்த ஹெட். திருப்பும்போது தட்டு விடுபடாமல் ஹெட் பிய்ந்துகொண்டு வந்துவிட்டால்? அப்பத்தாவின் குரல் டேப்பில்கூட இல்லை. சித்தப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவசரப்பட வேணாம், மொதல்ல கொஞ்சம் எளகட்டும்" என்றார். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் விழுகிற இடத்தில் ஒரு துண்டை விரித்து, டிஸ்க்கை அதன்மேல் வைத்து, இன்னொரு துண்டால் மூடினார். வடகம் காயவைக்கிற மாதிரி. கை பொறுக்கிற சூடு, அதற்குமேல் இல்லை. இடையிடையே போய்த் தொட்டுப் பார்த்தார். நான் குளிரவைத்துக் கொன்றேன், இவர் சூடு காட்டுகிறார் என்று அப்போது ஓடியது மனதில். உண்மையில் அதற்கும் காரணம் இருக்கிறது. சூட்டில் மசகின் பிடி கொஞ்சம் தளரும், ஈரம் விலகும். அவருக்கு அது காரணமாகத் தெரியாது, பழக்கமாகத் தெரியும்.

முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தார். கரண்ட் இல்லாமல்தான். தரையில் சம்மணமிட்டு, டிஸ்க்கைக் கிடையாக இரண்டு கைகளிலும் ஏந்தி, திருகைக் கல்லின் பிடியை வெட்டித் திருப்புவது போல ஒரே ஒரு திருப்பு. தூக்கவில்லை, தட்டவில்லை, குலுக்கவில்லை. செருகினேன். ம்ம், டிக். மறுபடி பிடுங்கி, மறுபடி ஒரு திருப்பு. இந்தமுறை அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். "விட்டிருச்சு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. செருகினேன். ம்ம் என்று தொடங்கிய சத்தம் நிற்காமல் மேலே ஏறியது, விசில் மாதிரி, ஊளை மாதிரி, ஏறி ஏறி ஓர் உயரத்தில் போய் நிலைத்தது. பிறகு கிர்ர் கிர்ர் என்று ஹெட் நகர்கிற சத்தம். அத்தைகள் அடுப்படியிலிருந்து என்னவோ என்று ஓடி வந்தார்கள்.

அவர்கள் கேட்டது பாட்டை உடனே காட்டு என்று. அங்கேதான் நான் அசையவில்லை, 2014 எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். பிழைத்த டிஸ்க்கில் ஃபைலைத் திறந்து பார்த்து மகிழக் கூடாது. அடுத்த நிமிடம் நிற்கலாம். முதலில் முழுப் பிரதி, தட்டின் முதல் செக்டரிலிருந்து (தரவைப் பிரித்து வைத்திருக்கும் சிறு துண்டுதான் செக்டர்) கடைசி வரை, அப்படியே ஒரு பிம்பமாக. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. அது முதல் ஓட்டத்தில் சுலபமாக வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு, படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய்விடும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரு கணக்கு எழுதிக்கொள்ளும். பிறகு விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் திரும்பிவந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். நடுவில் நின்றுபோனாலும் கணக்கு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2.1 ஜிபிதான், இருபது நிமிடத்தில் பெரும்பகுதி வந்துவிட்டது. மிச்சமிருந்த துண்டு துணுக்குகளுக்கு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 96 செக்டர் வரவே இல்லை, 48 கிலோபைட். அது எந்த ஃபைலில் விழுந்தது என்று பார்க்கும்வரை எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. யாருடையதோ ஒரு புதுமனைப் புகுவிழா அழைப்பிதழின் ஸ்கேன் செய்த பிள்ளையார் படம்.

ஒரே மாதிரி நின்றாலும்

அலுவலகப் பையனின் டிஸ்க்குக்கு வருகிறேன். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒருமுறை செருகச் சொன்னேன். பீ, பீ என்று மெல்லிய குரலில் கூவியது, சுழலவில்லை. உடனே பிடுங்கச் சொல்லிவிட்டேன். சித்தப்பாவின் டிஸ்க்கைப் போலவே இதிலும் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டார் திணறுகிறது. அப்படியென்றால் இதையும் திருப்பலாமே என்று அவன் கேட்டான், கதையை அதற்குள் சொல்லியிருந்தேன். கூடாது. சித்தப்பாவின் டிஸ்க்கில் ஹெட் உட்கார்ந்திருந்தது அதற்கென்றே ஒதுக்கிய வட்டத்தில், அங்கே எந்தத் தரவும் கிடையாது. இந்தக் காலத்துச் சின்ன டிஸ்க்கில் அப்படி ஒரு வட்டமே இல்லை. ஹெட் சரிவுமேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடும்போது விழுந்ததால் ஏற முடியாமல் தரவு எழுதியிருக்கும் பரப்பின்மேலேயே படுத்துவிட்டது. திருப்பினால் அவன் படங்களின்மேல் ஹெட்டை இழுத்துத் தேய்த்ததாகும். திறந்து, ஹெட்டுகளைத் தூக்கிப் பிடித்து நகர்த்தும் கருவியோடு செய்ய வேண்டிய வேலை அது. லேபுக்கு அனுப்பச் சொன்னேன். செலவைக் கேட்டு முகம் வாடினான், ஆனால் அனுப்பினான். பெரும்பகுதி கிடைத்துவிட்டது.

தேர்ந்த கைகளால் எதுவரை முடியும் என்பதற்கு நான் அவனுக்குச் சொன்னது கொலம்பியா விண்கலத்தின் கதை. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட 7 பேரோடு வானத்தில் சிதறியது. சிதறல்களில் ஒரு ஹார்ட் டிஸ்க், வெளிப்புறம் கருகி, உருகி, உள்ளே தூசி புகுந்து கிடைத்தது. செனான் வாயுவைப் பற்றிய ஓர் ஆய்வின் அளவீடுகள் அதில் இருந்தன. தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிஸ்க்கின் உடம்பில் பொருத்தி 99 சதவீதத்தை மீட்டார்கள். அந்த ஆய்வு முடிவு 2008-ல் வெளியானது. வானத்திலிருந்து விழுந்த தட்டையே படிக்க முடிந்திருக்கிறது. மேஜையிலிருந்து விழுந்த என் நண்பனுடைய தட்டு, நான் கரண்ட் கொடுக்கிறவரை, பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். இதை எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். பிரதி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன், அடுத்த நாள் ஃபைலைத் திறக்கப் பார்த்தால் எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் கொட்டிக்கிடந்தன. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் அப்படித்தான். ஒவ்வொரு ஃபான்ட்காரரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தம் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு பொதுக் குறியீடுகளை அறிவித்தது, ஆனாலும் டி.டி.பி. கடைகள் தங்களுக்குப் பழகிய ஃபான்ட்டை விடவில்லை. அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் அந்தத் தமிழ் இல்லை. நல்லவேளையாக நாங்கள் எடுத்தது முழு டிஸ்க்கின் பிம்பம். அதன் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே ஃபான்ட்டும் இருந்தது, பேஜ்மேக்கரும் இருந்தது. என் லேப்டாப்பில் ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் போல நடிக்கிற ஒரு நிரலுக்குள், அந்தப் பிம்பத்தையே கிளப்பினேன். இரண்டு மூன்று முறை நீலத்திரை வந்து, பிறகு சித்தப்பாவின் 1990-களின் திரை அப்படியே எழுந்தது, ஓரத்தில் அவர் வைத்திருந்த மீனாட்சியம்மன் படத்தோடு.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மௌஸைப் பிடித்தார். ஒவ்வொரு ஃபோல்டராகப் போனார். கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் நானூறுக்குமேல். பெயர்களைப் படித்துக்கொண்டே, இந்தப் பிள்ளைக்கு இப்போது பேரன் பிறந்துவிட்டான், இவர்கள் பிரிந்துவிட்டார்கள், இவர் எனக்கு இன்னும் இருநூறு ரூபாய் தரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். பாட்டு ஃபைலின்மேல் வந்து நின்றார். திறந்ததும் சட்டென்று வந்துவிட்டது. அவர் திரையைப் பார்க்காமல் லேப்டாப்பைச் சுற்றிலும் பார்த்தார்.

"சத்தமே இல்லையேப்பா" என்றார்.

அவர் கடையில் இந்த ஃபைலைத் திறக்க ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடமும் டிஸ்க் கிர்ர் கிர்ர் என்று அரைத்துக்கொண்டிருக்கும், அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து என்னடா இது மாவு அரைக்கிறதா என்று கேட்பாராம். பழைய டிஸ்க் அலமாரியில் துண்டில் சுற்றி இருந்தது. நான் அதை மறுபடி தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் பிரதி மூன்று இடங்களில் இருந்தது, ஒன்று என் அத்தை மகளிடம் துபாயில். எடுத்து வந்து இணைத்தேன். ம்ம், டிக். சித்தப்பா கையை நீட்டினார். ஒரு திருப்பு. ஊளை ஏறி நிலைத்தது. அதை லேப்டாப்புக்குப் பக்கத்தில் மேஜைமேல் ஓடவிட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுப்படியிலிருந்த அத்தைகளைக் கூப்பிட்டு, மூன்றாவது வரியைப் படிக்க ஆரம்பித்தார்.